கோழிக் கிறுக்கல்

எட்டாம் வகுப்பில் ஸ்டெல்லா மிஸ்
என் நோட்டைத் தூக்கிப் பிடித்து
"கோழி மேஞ்ச குப்பை" என்றார்.
பள்ளியை விட்டு வரும்வரை
என் கையெழுத்துக்கு அதுதான் பெயர்.

பதினேழாம் கிராஸ் என்று ஒரு மெட்டல் பேண்ட்.
மூன்று பையன்கள், ஒரு டிரம்ஸ்காரி.
கம்மனஹள்ளியில் ஒரு பேஸ்மென்ட்,
டிக்கெட் நானூறு.
ஜெசிந்தாவும் நானும் வெளியே
ஜெனரேட்டர் பக்கத்தில்.
சுவரைத் தாண்டி வந்தது பேஸ் மட்டும்.
முதுகை ஒட்டிவைத்து
விலா எலும்பால் கேட்டோம்,
ஒன்பது சனிக்கிழமைகள்.

மெட்டல்காரர்களின் பெயரை
போஸ்டரில் யாராலும் படிக்க முடியாது,
கவனித்திருக்கிறீர்களா?
முள்வேலியில் சிக்கிய தலைமுடி மாதிரி இருக்கும்.
எனக்கு அதைப் பார்த்தாலே
யாரோ என் நோட்டைத் திருடிய சந்தேகம்.

டின் ஃபேக்டரியில் பஸ் நகரவில்லை.
டிக்கெட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தேன்,
தமிழில்.
ழாவின் வாலை இழுத்தேன், கொக்கியானது.
ஸ் தலைமேல் புள்ளி
ஆணி பிடுங்கிய துளை.
னேவுக்கு ஏற்கெனவே கொம்பு இருந்தது,
கூராக்கினால் போதும்.
இறங்கவேண்டிய நிறுத்தம்
எப்போது போனதென்று தெரியாது.

என்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டாள் ஜெசிந்தா.
"ஓதோக்கே ஆகல்ல!" என்று பதில் போட்டாள் டிரம்ஸ்காரி.
வாசிக்கவே முடியவில்லையாம்.
அது பாராட்டு என்று புரிய
ஒரு ராத்திரி ஆனது.

சிக்பேட்டையில் அறுபது டி-ஷர்ட் அடித்தார்கள்.
எனக்கு ஒன்று, கூடவே இரண்டு பாஸ்.
அம்மா பீன்யா கார்மென்ட்ஸில் செக்கர்.
உள்வெளியாகத் திருப்பி
அக்குள் தையலைத்தான் முதலில் பார்த்தாள்.
"ஒரு நூல் விட்டிருக்கு."
பிறகு முன்பக்கம் பார்த்து,
"இதென்ன, தகடு எழுத்தா?"

முதல்முறை உள்ளே.
வெளிச்சம் சிவப்பாகிறது, ஜெசிந்தா குதிக்கிறாள்,
அந்தச் சுவர் இப்போது எனக்குப் பின்னால்.
முன்னால் நெட்டையாய் ஒருவன்,
அவன் வேர்த்த முதுகில் என் எழுத்து.

ழாவின் கொக்கி
ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
பஸ்ஸில் தெரியவில்லை.
அடித்துக் கொடுத்தபோதும் தெரியவில்லை.

ஒன்பது சனிக்கிழமை முதுகில் வாங்கிய பாட்டு
ஆரம்பித்துவிட்டது.
நான் ஜெசிந்தாவிடம்
பேனா இருக்கா என்று கத்துகிறேன்.
அவளுக்குக் கேட்கவில்லை.