மருந்தடிக்கிறவர் வீடு

எத்திராஜின் சட்டைக்குத் தனி வாளி.
எங்கள் துணியோடு ஊறவைத்ததில்லை.
ஹரளூர் ரோட்டு அபார்ட்மெண்டுகளில்
கரப்பானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மருந்தடித்துவிட்டு
இரண்டு பஸ் மாறி ஈஜிபுரா வருகிறார்.
வந்ததும் குழாயடி. அப்புறம்தான் மகள்.

இன்னொரு வாளி காய்கறிக்கு.
மடிவாளாவில் ராத்திரி ஒன்பதுக்குமேல்
கூறு இருபது ரூபாய்க்கு இறங்கும்.
கல்லுப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர், அரைமணி நேரம்.
கத்தரிக்காயின் பளபளப்பு மட்டும் போவதில்லை.
பிறவியா பூசியதா என்றால்
கடைக்காரன் சிரிக்கிறான்:
"பூச்சி இருந்தாலும் திட்டுறீங்களே அக்கா."

ஆர்கானிக் கடையில் ஒருநாள்
விலைப்பலகையை மட்டும் படித்துவிட்டு வந்தேன்.
பீன்ஸ் கால் கிலோ எழுபது.
கார்மெண்ட்ஸில் எனக்கு அது
ஒன்றேகால் மணி நேரக் காலர்.
கறிவேப்பிலை மட்டும் வாங்குவதை விட்டேன்.
மாடித் தொட்டியோரம், பெயின்ட் டப்பாவில்,
மூன்று வருடமாய் என் முழங்கால் உயரம்.

நேற்று ஒரு துணிப்பையோடு வந்தார்.
காலிஃப்ளவர், பீன்ஸ், ஒரு கட்டு வெந்தயக்கீரை,
விளைவித்தவர் பெயர் அச்சடித்த சீட்டு.
"அடிக்கிறப்போ மேடை மேலேயே இருந்துச்சாம்.
மருந்து பட்டிருக்கும், குழந்தை இருக்கிற வீடு,
குப்பையில போட்டுடுங்கன்னாங்க."

நம்ம வீட்லயும், என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டேன்.

"அலமாரிக்குள்ளதான் அடிச்சேன்.
மேடைக்கு ஜெல்லு. கோலப்புள்ளி மாதிரி வைப்பேன்.
காய் மேல ஒரு பொட்டு படல."

காலிஃப்ளவரைப் பிரித்தால்
அடிக்காம்பில் பச்சைப் புழு ஒன்று
தலை தூக்கி இரண்டு பக்கமும் பார்க்கிறது.
மகள் வீறிட்டாள்.
அவர் முகம் அப்படி மலர்ந்து நாளாயிற்று.
"பாரு, உசுரோட இருக்கு!"
பதினோரு வருடமாய்ச் சாகடித்துச் சம்பளம் வாங்குகிறவர்
அதை உள்ளங்கையில் ஏந்தி
பக்கத்து வீட்டுக்கும் காட்டிவிட்டு வந்தார்.
கறிவேப்பிலைப் பக்கம் விட்டுடாதீங்க என்றேன்.

இருந்தாலும் உப்புத்தண்ணீரில் போட்டேன்.
நம்பாமல் இல்லை. கைப்பழக்கம்.

பீன்ஸ் நார் உரித்தபடியே மகள்
ஈரச்சீட்டில் கன்னடத்தை எழுத்துக்கூட்டினாள்.
நஞ்சுண்டப்பா.
அப்புறம், தமிழில் பிரித்துப் பார்த்தாள்.
"நஞ்சு உண்ட அப்பா.
இப்படியெல்லாமா பேர் வைப்பாங்க?"

சாமி பேருடி என்றேன்.
வெளியே, தனி வாளியில்
சட்டை அலசும் சத்தம்.