மைனஸ் ஆறரை

முதல் வகுப்பிலேயே என் கண்ணாடி
ஒரு முழங்கையைச் சந்தித்தது.

ஃபேர்லேண்ட்ஸில் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி.
சால்சா, வாரம் இரண்டு நாள், ஷூ கட்டாயம்.
கையைத் தலைக்கு மேல் தூக்கி
தணிகைவேல் என்னைச் சுற்றிவிட்டார்.
நான் சுற்றினேன்.
கண்ணாடி சுற்றவில்லை.
அது நேராகப் போய்
கிளமென்ட் மாஸ்டரின் காலடியில் நின்றது.

"யாரும் அசையாதீங்க, மிதிச்சிடுவீங்க."
பதினான்கு பேர் உறைந்து நிற்க
ஸ்பீக்கர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தணிகைவேலுக்கும் கண்ணாடி உண்டு.
உருக்காலையில் ஸ்டோர்ஸ், பைஃபோகல்,
நெற்றியில் சதா ஒரு கணக்கு.
நெருங்கி ஆடும் அடியில்
சட்டமும் சட்டமும் இடித்து
சில்லறை விழுந்தது போல் ஒரு டிக்.
ஒவ்வொரு டிக்குக்கும் இருவரும் ஸாரி சொன்னோம்.
யாரிடம் என்று தெரியவில்லை,
கண்ணாடிகளிடமாக இருக்கலாம்.

கயிறு கட்டிப் பார்த்தேன்.
ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கிறது என்றாள் வானதி.
அதுவும் பரவாயில்லை,
கயிறு அவர் சட்டைப் பொத்தானில் சிக்கி
ஒரு பாட்டு முழுக்க
பிரிய முடியாமல் ஆடினோம்.
மாஸ்டர் கைதட்டினார், புது ஸ்டெப் என்று நினைத்து.

லென்ஸ் போட்டேன்.
ஜங்ஷன் கன்ட்ரோல் அறையில் எனக்கு நைட் டியூட்டி.
ஏசியில் எட்டு மணி நேரம்
திரையில் ஊரும் ரயில்களைப் பார்த்து
விடியும்போது கண் இரண்டும் சூளைச் செங்கல்.
"ஆடும்போது மட்டும் கழட்டி வைங்களேன்"
என்றார் கடைக்காரர்,
செருப்பைச் சொல்வது போல.

கழற்றினேன்.

எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி.
அதில் பதினான்கு கறைகள் ஆடின.
நன்றாக ஆடிய ஒன்றை
நான் என்று எடுத்துக்கொண்டேன்.
அது பச்சை.
அன்று நான் உடுத்தியிருந்தது மஞ்சள்.

முகத்தில் இருப்பதற்கும் சுவரில் இருப்பதற்கும்
நம் மொழி ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறது.
ஒன்றைக் கழற்றினால்
மற்றதும் கழன்றுவிடுகிறது.

ஒன்று, இரண்டு, மூன்று,
நாலில் நிற்க வேண்டும்,
ஐந்து, ஆறு, ஏழு.
நாலு ரோட்டில் சிக்னலுக்கு நின்று
அஞ்சு ரோட்டுக்குக் கிளம்புகிற ஊர்க்காரிக்கு
இது மட்டும் சுலபமாக வந்தது.

டிசம்பரில் ஏற்காட்டில் நிகழ்ச்சி.
வேனில் போனோம். ஒன்பதாவது வளைவில்
வானதி வாந்தி எடுத்தாள்.
"மேடையில விழுந்து வைக்காதீங்க, கண்ணாடி இருக்கட்டும்"
என்று மாஸ்டரே சொல்லிவிட்டார்.
எங்கள் முறை வரும்வரை வெளி வராந்தாவில் காத்திருந்தோம்.
மூடுபனி கம்பியைப் பிடித்து ஏறி
எங்கள் பக்கத்தில் வந்து நின்றது.
ஏரி இருந்த இடத்தில்
படகுக்காரர் ஒருவரின் இருமல் மட்டும் இருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள்.
உள்ளே இருநூறு பேரின் மூச்சு, பிரியாணி, ஹீட்டர்.
குளிர்ந்த நாலு லென்ஸும்
ஒரே நொடியில் வெளுத்தன.
பாட்டு தொடங்கிவிட்டது.

"ஒண்ணும் தெரியல" என்றார்.
"எனக்கும்தான்."
துடைக்க ஒரு கை வேண்டும்.
என்னுடைய இரண்டும் அவரிடம் இருந்தன.

உதட்டுக்குள் அவர் எண்ணுவது கேட்டது.
ஐந்தில் ஒருமுறை காலை மிதித்தார்,
ஏழில் நான் மிதித்தேன்.
திருப்பத்தில் முழங்கை வருமே என்று
தலையைத் தாழ்த்தினேன்.
வரவில்லை.
அவரும் தாழ்த்தியிருந்தார் போல,
டிக்.
இந்த முறை யாரும் ஸாரி சொல்லவில்லை.

பரிசு வேறு யாருக்கோ.

இறங்கும்போது வேனில் ஜன்னலோரம் எனக்கு.
கீழே சேலத்தின் விளக்குகள்
வலது கண்ணில் விளக்குகளாக இருந்தன.
இடது கண்ணில் மட்டும் ஊறி, பரவி,
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
இடது லென்ஸில் ஒரு தடம்:
அவர் தாடையோ, கன்னமோ,
தேங்காய் எண்ணெய் வாசம்.

இருபது வளைவும் இறங்கும்வரை துடைக்கவில்லை.
துணி இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.
துப்பட்டா மடியில்தான் கிடந்தது.