பேச முடிகிற வேகம்

இருநூற்றிருபதில் என் ஐம்பத்திரண்டைக் கழித்து
மருந்து அட்டையின் பின்பக்கம்
நர்ஸ் நிலந்தி எழுதித் தந்தாள்:
நூற்றொன்று. நூற்றுப்பதினெட்டு.
"இதுக்குள்ள நடங்க.
பேச முடியணும். பாட முடியக்கூடாது."

இருபத்தாறு வருஷம் கொழுந்து லொறி ஓட்டினேன்.
ஏற்றத்தில் எஞ்சின் எங்கே திணறும் என்று
சத்தத்திலேயே தெரியும்.
என் சத்தத்தை
டிக்கோயா ஆஸ்பத்திரி மெஷினில்தான்
முதலில் கேட்டேன்.

ஐந்தரை மணி. பனி விலகாத குறுக்குப்பாதை.
மணிக்கட்டில் இரு விரல் வைத்து
பதினைந்து விநாடி எண்ணுகிறேன்.
முப்பத்திரண்டு.
நான்கால் பெருக்கவே பயம்.

பவளக்கொடி மேலே நிற்கிறாள்.
கொழுந்துக் கூடையோடு தினமும் அவள் ஏறும் படிகள்;
அவளுக்கு யாரும் எண் எழுதித் தந்ததில்லை.
"என்ன, பேச்சையே காணோம்?"

பேச்சில்லை என்றால் வேகம் கூடுதல்.
நிற்காமல் தளர்த்துகிறேன்,
கியரை ஒன்று இறக்குவதுபோல்.

சீட்டுக்காசு பற்றிச் சொல்கிறாள்,
மகள் கொழும்பிலிருந்து அனுப்பிய செருப்பு
கடிப்பது பற்றி,
மூன்றாம் நம்பர் மலையில்
அட்டை கூடிவிட்டது பற்றி.
ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியமாய்
பதில் சொல்லிக்கொண்டே ஏறுகிறேன்.
இத்தனை வருஷத்தில்
இவ்வளவு பேசியதில்லை.

இருபத்தெட்டு.

உச்சியில் அவள் கையை நீட்டுகிறாள்.
"எனக்கும் பாரு."
விரலிடுக்கில் கொழுந்துக் கறை.
எண்ணிவிட்டேன்.
இருநூற்றிருபதில் எதைக் கழிப்பது?
"உன் வயசென்ன?"

"பிறப்புச் சீட்டுல ஒண்ணு,
செக்ரோல்ல ஒண்ணு," என்கிறாள்.
"எது வேணும்?"