எதிரோட்டம்

ஷெப்பர்ட்டன். ஜூன் மாதம். இரவு பதினொன்று.
தலைக்கு வலை, காதுக்கு அடைப்பான்,
முழங்கால் மட்டும் வெள்ளை ரப்பர் சப்பாத்து.
நான் காவல் நிற்பது பாலுக்கு அல்ல,
பாலுக்குள் ஏறி இறங்கும் ஓர் எண்ணுக்கு:
எழுபத்திரண்டு பாகை, பதினைந்து வினாடி.
கொஞ்சம் குறைந்தாலும்
ஒரு வால்வு, யாரையும் கேட்காமல்,
பாலைத் திருப்பி அனுப்பிவிடும்,
சோதினையில் கோட்டைவிட்ட பிள்ளையை
அதே வகுப்பில் இருத்துவது போல.

மணிக்கு இருபதாயிரம் லீட்டர்.
மூன்று வருடத்தில் ஒருதரமும் பொங்கியதில்லை.
வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்று
ஒரேயொரு சட்டி பால் பொங்கி வழிய,
புகை அலாரம் குளற,
பக்கத்து வீட்டு ஈராக்கியர்
தோட்டக் குழாயோடு ஓடிவந்தார்.
அவருக்கும் ஒரு குவளை கொடுத்தோம்.

இங்கே, நெருக்கி அடுக்கிய எஃகுத் தகடுகள்.
தடிப்பு அரை மில்லிமீட்டர்.
ஒரு பக்கம் சுட்டுத் திரும்பும் பால்,
மறுபக்கம் பவுசரில் வந்திறங்கிய
நாலு பாகைப் பச்சைப் பால்.
ஒன்றையொன்று தொடாது. முகம் பாராது.
தகட்டைக் கடப்பது சூடு மட்டும்.
போகிற பால் விட்டுப்போனதை
வருகிற பால் வாங்கி வருகிறது.
கொதிகலன் கொடுப்பது
பத்தில் ஒரு பங்கு, குறையை நிரப்ப.

தகட்டில் ஊசித்துளை விழுந்தாலோ?
அதற்கும் ஏற்பாடு உண்டு என்றான் பெஸ்னிக்.
சுட்ட பாலின் அழுத்தம் எப்போதும் ஒருபடி மேல்.
கசிந்தால் நல்லதுதான் கசியும்.

கையேட்டின் பதினோராம் பக்கம் சொல்கிறது:
இரண்டையும் ஒரே திசையில் ஓட விடாதே.
கொஞ்சத் தூரத்தில் இரண்டும் ஒரே வெதுவெதுப்பாகி,
கொடுக்கவும் வாங்கவும் ஒன்றுமில்லாமல்
சும்மா சேர்ந்து ஓடும்.
அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
எனக்கும் நேசராசாவுக்கும்
முந்தி ஒரே ஷிப்ட்.
ஒன்றாகப் போய் ஒன்றாக வந்து,
சோற்றுப் பானையை யார் போடுவது என்று
ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்போம்.

இப்போது அவனுக்கு டின் ஆலையில் பகல்.
நீராவிக் கலத்தில் அவரை அவிக்கிறான்.
காலை ஏழு இருபதுக்கு முற்றத்தில் கைமாற்றம்:
நான் இறங்க, அவன் ஏறுவான்.
கண்ணாடியில் உறைபனி இல்லாத,
இருக்கை வெதுவெதுத்த கார் அவனுக்கு.
உள்ளே எனக்கு, கட்டிலில்,
அவன் கிடந்த பள்ளம்.
எழும்பும்போது போர்வையை இழுத்துச்
சுற்றிவர அமத்திவிட்டு வருவான்.
அரை மணித்தியாலம் தாங்கும்.
இதைப்பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை.

போன வியாழன், விடிய மூன்று பத்துக்கு
கொதிகலன் நின்றது.
எழுபத்தொன்று தசம் நாலு.
வால்வு திரும்பியது.
இருபது தொன் பால் செக்குமாடாய்ச் சுற்ற,
நானும் பெஸ்னிக்கும் ஏணியும் திருகுசாவியுமாய்.
எல்லாம் கழுவி மறுபடி தொடங்க
எட்டரை ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன்.
யாரோடோ தொற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான்.
கட்டிலில், வழமைபோல,
நாலு பக்கமும் அமத்திய போர்வை.
கையை உள்ளே விட்டேன். பச்சைத் தண்ணி.
நான் பிந்துவேன் என்று
மூன்று மணிக்கே செய்தி அனுப்பியிருந்தேனே.

ஓர் உடம்பு விடும் சூடு
பழைய நூறு வாட்ஸ் பல்ப் அளவுதானாம்.
சப்பாத்துக்குள் விறைத்த கால்விரல்களில் இருந்து
தொடங்கினேன்.