நான்காம் பக்கம்

ஜெலுத்தோங்கில் கோர் ஹார்ட்வேருக்கு மேல்மாடி எங்கள் கடை.
கூகுளில் நான்காம் பக்கம்.
அங்கே யாரும் வருவதில்லை என்கிறான்
வீடியோவில் ஒரு பிலிப்பினோ பையன்.
ஒற்றைக் காதில் கம்மல்,
அவன் ஊரில் பகல் போலிருக்கிறது,
பின்னால் சேவல் கூவுகிறது.
எனக்கு இரவு பதினொன்று.
நோட்டு, சிவப்புப் பேனா,
விட்டு விட்டு வரும் குகநேசனின் குறட்டை.

முதல் பாடத்திலேயே அடி.
'தரமான குழாய்ச் சேவை, நம்பிக்கையின் மறுபெயர்'
மூன்று நாள் யோசித்து வைத்த தலைப்பு அது.
அப்படி ஒருவரும் தேடுவதில்லையாம்.
தேடுகிறவர் கணுக்கால் தண்ணீரில் நிற்கிறார்,
ஒரு கையில் வாளி,
மறு கைக் கட்டைவிரலால்
எழுத்துப் பிழையோடு தட்டுகிறார்.

ஒரு கருவி இருக்கிறது.
தட்டினால் இந்தத் தீவு போன மாதம்
கேட்டதையெல்லாம் கொட்டுகிறது:
சிங்கி சும்பாட் மிஞ்ஞாக்
தண்டாஸ் ஆயர் நாயிக்
ராத்திரி மட்டும் பாத்ரூம் நாறுவது ஏன்
மோதிரம் சிங்கிக்குள் விழுந்தால் எப்படி எடுப்பது

மோதிரத்துக்கு எதிரே எண் பத்து.
மாதம் பத்து மோதிரம்!
அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துவிட்டவள்போல்
கொஞ்ச நேரம் திரையை மூடி வைத்தேன்.
பிறகு திறந்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

படத்துக்கும் விவரம் தர வேண்டும்,
பார்வையில்லாத ஒருவருக்குச் சொல்வதுபோல.
'ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில்
குளியலறை அடைப்பை எடுக்கும் குகநேசன்.'
இது போதும் என்கிறது பாடம்.
'சிரித்துக்கொண்டே' என்று சேர்த்தேன்.
கையில் முடிக்கற்றையோடு
அந்தப் படத்தில் அவர் சிரிக்கிறார்தான்.

அதன்பின் தினமும் காலையில்
காப்பிக்கு முன்னால் எங்களைத் தேடினேன்.
மூன்றாம் பக்கம்.
இரண்டு.
முதல் பக்கத்தில் ஆறாவது.
ஒரு வியாழக்கிழமை, எல்லோருக்கும் மேலே நாங்கள்.
கேசரி கிண்டி கீழே எடுத்துப் போனேன்.
கோர் தன் போனை எடுத்து
அதே சொற்களைத் தட்டினார்.
அவர் கட்டைவிரல் இறங்கியது, இறங்கியது,
இறங்கிக்கொண்டே இருந்தது.

நான்காம் பக்கம். கடைசிக்கு முந்திய வரி.

என் போனுக்கு என்னைத் தெரியும்.
எதைக் காட்டினால் இவள் நிம்மதியாகக் காப்பி குடிப்பாள் என்று
அது என்றைக்கோ படித்துவிட்டது.
கோர் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் முறை கேசரி வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு, வீம்புக்குத்தான்,
பக்கத்தின் அடியில் தமிழில் ஒரு வரி போட்டேன்:
'சமையலறைக் குழாய் அடைப்பா? தமிழிலேயே பேசலாம்.'
கருவியைக் கேட்டேன்.
மாதத் தேடல்: பூஜ்யம்.
பூஜ்யத்தில் நேரம் வீணாக்காதே என்றான் பையன்.
சேவல் அதை ஆமோதித்தது.
வரியை எடுக்கவில்லை நான்.

ஐந்து வாரம் போய் அறிக்கையில் பார்க்கிறேன்:
'குழாய் அடைப்பு என்ன செய்வது.'
தமிழ் எழுத்தில். ஒரே ஒரு குறிலும் பிழையில்லாமல்.
தோன்றியது ஒருமுறை. திறந்தது ஒருமுறை.
நாள் செவ்வாய். நாடு மலேசியா.
அதற்கு மேல் அது சொல்லாது.

நீங்களா என்றேன் குகநேசனிடம்.
எனக்கென்ன, என்னையே நான் கூப்பிடவா என்றார்.
கோருக்குத் தமிழ் படிக்க வராது.
நானோ? அந்தச் செவ்வாய் நான்
சுங்கை பட்டாணியில், கல்யாணப் பந்தியில்,
போனில் சார்ஜ் தீர்ந்து.

யாரோ.
எங்கோ ஒரு சிங்கியில் சோற்றுப் பருக்கை மிதக்க
நின்றுகொண்டு எங்களைத் திறந்தவர்,
வந்து பார்க்க அறுபது ரிங்கிட் என்பதைப் படித்துவிட்டுக்
கூப்பிடாமல் மூடியவர்.

பாடம் ஒன்பது பாக்கி இருக்கிறது.
திறக்கவில்லை.
அறுபதை அழிக்கலாமா என்று பார்த்தேன்,
பெட்ரோல் விற்கும் விலையில் முடியாது.
அந்தத் தமிழ் வரிக்குக் கீழே இன்னொன்று போட்டேன்.
பிழைப்பைக் கெடுக்கிறாய் என்று
தூக்கத்தில் புரண்டபடி சொன்னார் குகநேசன்:

'எண்ணெய் அடைப்பென்றால் முதலில்
கொஞ்சம் சோப்புத் தூள் போட்டு, சுடுநீர் ஊற்றிப் பாருங்கள்.
மெதுவாக. கை பத்திரம்.
தண்ணீர் இறங்கிவிட்டால் எங்களைக் கூப்பிட வேண்டாம்.'