பதிலி

எண்ணூர் நெடுஞ்சாலையில்
ட்ரெய்லர்கள் காலையிலிருந்து அப்படியே நிற்கின்றன.
மாடியில் சங்க அலுவலகம்.
யாரோ கொடுத்துவிட்டுப் போன கணினி, லினக்ஸ்.
காசு கேட்கவில்லை என்பதால் வந்தது,
வைரஸ் பிடிக்கவில்லை என்பதால் தங்கிவிட்டது.

திங்கட்கிழமை வாய்தா.
கிடங்கில் மூட்டை தூக்கியவர்களின் பட்டியல்,
இருபது வருஷத்துக்கு முன்
சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றியது,
ஒரு சிடியில் கீறல் விழாமல் கிடைத்தது.
திறந்தால்
எம், கே, அரைப்புள்ளி, கே, எச், ஆர், பி.
தமிழ் படித்தவருக்கும் புரியாது,
இங்கிலீஷ் படித்தவருக்கும் புரியாது.
அது அம்மாசி.
நான்காம் நம்பர் ஷெட்டில் இருந்தவர்.

பக்கம் 'கங்கு' என்றொரு எழுத்துருவைக் கேட்கிறது.
மண்ணடியில் ஒரு கடை செய்து விற்றதாம்.
அந்த ஷட்டருக்குப் பின்னால் இன்று
குளியலறை டைல்ஸ்.

கணினி கைவிரிப்பதில்லை.
இல்லாததைக் கேட்டால் இருப்பதைத் தரும்,
சொல்லாமல் தரும்.
அது தந்ததுதான் இந்த எம், கே, அரைப்புள்ளி.
உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன், ஆறே வரி:
கங்கு கேட்டு வந்தால்
பாமினியை அனுப்பு.

பட்டியல் தமிழாயிற்று.
முழுசாக இல்லை.
பாமினிக்கு உடம்பு கொஞ்சம் அகலம்.
கட்டத்துக்குள் அடங்காமல்
டெல்லிபாபு இரண்டு வரியாக உடைந்தார்.
ழு இருக்க வேண்டிய இடத்தில் சதுரம்.
ஏ□மலை.
கீழே இன்னொரு ஏ□மலை, தகப்பன் பெயர் வேறு.
ரோட்டில் நிற்கும் கண்டெய்னர் போல
சீல் வைத்து.
பேனாவால் நிரப்பிக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை.

யார் வந்து நிற்பது என்று கேட்க
ஒரு கட்டளை உண்டு.
கங்கு, என்று தட்டினேன்.
பாமினி, என்றது கணினி
கூச்சமே இல்லாமல்.

மாசிலாமணி நான்கரைக்கு வந்தார்.
"என் பேரு கீதா பாரும்மா."
நான்கு பக்கம். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே.
இல்லை.
"எப்படி இருக்கும்? டெல்லிபாபு டோக்கன்லதான போய்ட்டு இருந்தேன்.
அவன் துபாய் போய்ட்டான்.
மேஸ்திரி டெல்லிபாபும்பாரு,
நான் இன்னாண்ணாம்பேன்.
பதினோரு வருசம்.
அவன் யூனிபார்ம்தான், எனக்கு அக்குள்ல டைட்டு."

"மேஸ்திரிக்குத் தெரியுமா?"
"தெரியாமயா. மூட்ட நவுந்தா போதும் அவருக்கு."

பதிவேட்டின் ஜெராக்ஸைப் புரட்டினேன்.
டெல்லிபாபு, வருகை. டெல்லிபாபு, வருகை.
ஒருநாள் இடது கையில் ஏழு தையல், டெல்லிபாபு.
தட்டிக் கேட்க இதில் கட்டளை இல்லை.
அவருடைய இடது கையைப் பார்த்தேன்.
மேசைமேல்தான் இருந்தது.

மனுவை நானே அடித்தேன், யூனிகோடில்.
பழைய எழுத்துருக்களில் கொம்புதான் முன்னால் வரும்,
கை எழுதுகிற வரிசையில்.
இதில் மெய்யெழுத்து வந்து நின்றபிறகே
கொம்பு போய் முன்னால் ஒட்டிக்கொள்ளும்.
அச்செடுத்துக் கொடுத்தேன்.
"இங்கே கையெழுத்து."

குனிந்தார்.
ஒரு கொம்பு போட்டார், நன்றாகச் சுழித்து, பழகிய வேகத்தில்.
போட்டவர் நிறுத்திவிட்டார்.
மாசிலாமணியில் எங்கேயும் கொம்பு கிடையாது.

கீழே ஒரு ட்ரெய்லர் இரண்டடி நகர்ந்தது.
"வேற பேப்பர் குடும்மா" என்றார்.