ஒன்பது நான்

சனிக்கிழமை நாலரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்,
நான் பார்த்தேயிராத அந்த ஊர் லீக்கில்.
அதற்குள் ஆளை மாற்றியாக வேண்டும்.
எனக்கோ நாலரைக்குத்தான்
ஆதார், ரேஷன் அட்டை, டி.சி.,
முன்னும் பின்னும் ரெண்டு காப்பி என்று
வியாசர்பாடியே ஜெராக்ஸ் கடையில் வந்து நிற்கும்.
ஒரு கையால் தாளைக் கவிழ்த்து
மறு கையால் ஒரு முன்கள வீரனை விற்றேன்.
கணுக்கால் பிசகியதாம். ஆறு வாரம்.
அவன் வலி எனக்குத் தெரியாது.
விலை தெரியும்: ஏழு புள்ளி இரண்டு.

ஏழாம் வகுப்பில் இதெல்லாம் அட்டையாக இருந்தது.
பப்பிள்கம் பாக்கெட்டுக்கு ஒன்று,
மோந்து பார்த்தால் ஸ்ட்ராபெரி.
அச்சு நகர்ந்து பாதி முகம் வெளுத்த
ஒரு கோல்கீப்பருக்காக
சத்துணவு முட்டையை உதயராணிக்குக் கொடுத்தேன்.
மற்றபடி எனக்கு வாய்த்தது
ஒரே லெஃப்ட் பேக், ஏழு தடவை.
ஏழு பேருக்கும் ஒரே சிரிப்பு.
ஒருத்தரும் மாற்றிக்கொள்ள வரவில்லை.
இன்னும் பீரோவில், கேஸ் புத்தகத்துக்கு அடியில்,
ரப்பர் பேண்டு இற்றுப்போன பிறகும்
ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

போன கோடையில் டெல்ஃபினாதான் ஆரம்பித்தாள்:
"வெள்ளைக்காரனையே வாங்கினு கீறியே,
நம்ம கிரவுண்டு பொண்ணுங்கன்னா இளப்பமா?"

ஆறு டீம், அறுபது பெண்கள்.
நோட்டில் கோடு போட்டு விலை எழுதினோம்.
ஷர்மிளாபானு பறப்பாள், மூச்சு முக்கால் மணி நேரத்துக்குத்தான்.
சுகிர்தாவின் இடது கால் ஒன்பது, வலது கால் ஓசி.
ரெண்டு நாள் சண்டை.
ஒரு அம்மா மீன்கூடையோடு வந்து
"எம்பொண்ணு ஆறரைதானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.
கடை மெஷினில் ஒவ்வொருத்திக்கும் அட்டை அடித்துக் கொடுத்தேன்.
என் விலை வந்தபோது
எல்லோரும் ஷூ லேஸைப் பார்த்தார்கள்.
நாலு. அதற்குக் கீழே விலை கிடையாது.

பெஞ்சில் உட்கார்கிறவளை யார் வாங்குவார்கள்?
நானே வாங்கினேன்.
கையில் சரியாக நாலு மிச்சம் இருந்தது,
அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.
துணைக்கேப்டன் என்றும் போட்டேன்.
அது எதனால் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

கேப்டன் டெல்ஃபினா, பத்தரை.
அரையிறுதி அன்றைக்கு
மூணு நாள் கழித்து அவள் தெருவுக்குத் தண்ணி லாரி வந்தது.
ஆறு குடத்தோடு அவள் வரிசையில் நிற்க
இங்கே விசில் ஊதிவிட்டார்கள்.
இறங்காதவளுக்கு சைபர்.
விதி நாங்களே எழுதியது.

"இன்னா குந்தினு பாக்கற, எறங்கு" என்றாள் சுகிர்தா.

பத்தொன்பது நிமிடம்.
பந்து என்னிடம் மூன்று தடவை வந்தது.
ஒன்றை வெளியே அடித்தேன்.
ஒன்றை அவர்கள் காலிலேயே கொடுத்தேன்.
ஒன்று என் மூக்கில் பட்டு,
கோலுக்குள் போக இருந்தது, போகாமல் உருண்டது.
இதைத் தடுத்ததாக எழுதலாமா என்று
ரத்தம் நிற்கும்வரை வாதாடினார்கள்.
எழுதினார்கள். ஒரு புள்ளி.
கேப்டன் வராவிட்டால் துணைக்கேப்டனுக்கு இரட்டிப்பு.
இரண்டு.
அந்த வாரம் ஆறு பேரில் ஐந்தாவது நான்.
மேட்ச் தோற்றதை யாரும் நோட்டில் எழுதவில்லை.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி
என் அட்டையை அடித்தேன்.
ஏ-ஃபோரில் ஒன்பது பிடிக்கும்.
ஒன்று அடித்தாலும் ஒன்பது அடித்தாலும் அதே தாள்.
டோனர் தீர்கிற நேரம்,
வலது கன்னம் வெளுத்து வந்தது.
பஞ்சு அடைத்த மூக்கு மட்டும் அப்படியே.
உயரம். எடை. தொட்ட பந்து: மூன்று.
விலைக்கு விட்ட இடத்தில்
பேனா மசி தொட்டு, எடுத்துவிட்டேன்.

வெட்டிக்கொண்டிருக்கையில்
ஷட்டருக்கடியில் ஒரு தலை.
மார்க்‌ஷீட் காப்பிக்கு வந்த பையன், முழங்கால் முழுக்க மண்.
"அக்கா, உன்னுது எக்ஸ்ட்ரா கீதா?
ஒண்ணு குடேன்."

மிச்சம் எட்டு.